எர்த்

எண்பத்து நாலாம் வருடத்து உவாஸ் ஜீப்.
எனக்கும் அதற்கும் ஒரே வயது,
மேட்டில் ஏறும்போது வரும் முனகலும் ஒன்றுதான்.
தடுப்பூசிப் பெட்டியும் நானும்
அத்பாஷியிலிருந்து மேய்ச்சல் மலைக்குப் போய் வருவோம்.
பின்னால் இரண்டு விளக்கு,
தீப்பெட்டி அகலம்,
சீக்கு வந்த ஆட்டின் கண் மாதிரி ஒரு சிவப்பு.

போன செப்டம்பரில்
மண்சாலையில் பிரேக் போட்டேன்.
மெதெர்பெக் தன் லாரியோடு வந்து இடித்தான்.
"தெரியல" என்றான்.
மலை தெரிகிறது, மலைமேல் பருந்து தெரிகிறது,
ஒரு ஜீப் தெரியவில்லையாம்.
பக்கத்து வீட்டுக்காரன். அன்றிலிருந்து
வேலிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன் நாய் மட்டும் பேசும்.

இன்று பழைய விளக்கைக் கழற்றினேன்.
நாலு திருகாணி. மூன்று உடைந்தது, ஒன்று வந்தது.
கண்ணாடிக்கு உள்ளே புழுதி,
டப்பாவில் அழுத்தி வைத்த மாவு போல.
பல்பு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது,
புதைத்த இடத்தில்.

தெரியல என்றானே.
கையைத் துடைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

சந்தையில் வாங்கிய எல்.இ.டி. விளக்கு,
காமாஸ் லாரிக்குச் செய்தது,
என் ஜீப்புக்கு அண்ணன் சட்டை.
தேயிலைப் பெட்டி அட்டையில் அளவு வெட்டி,
உடைந்த கட்டிலின் இரும்பை வளைத்துப்
பட்டையாக்கித் துளை போட்டேன்.
மாட்டினேன்.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறது.
இண்டிகேட்டரைப் போட்டால் மற்றதெல்லாம் மங்குகிறது.
எர்த் இல்லை.
சக்கரத்தில் மண், சீட்டில் மண், என் பல்லில் மண்,
வண்டி முழுக்க மண்.
எர்த் மட்டும் இல்லை.
பெயிண்டைச் சுரண்டினேன், துருவைச் சுரண்டினேன்,
இரும்பு வெள்ளையாய்ச் சிரிக்கும்வரை.

அப்புறம் ரிலே.
புது விளக்கு கொஞ்சமாய்த்தான் கரண்ட் குடிக்கும்.
அது புரியாமல்
பல்பு செத்துவிட்டது என்று பதறி
படபடவென அடித்துக்கொண்டது.
அதையும் மாற்றினேன்.

இருட்டிவிட்டது.
மிதிக்க ஒரு கால் வேண்டும்,
பார்க்க ஒரு கண் வேண்டும்.
இரண்டும் என்னிடம் உண்டு,
இடையில் மூன்று மீட்டர்.
கட்டையை முட்டுக்கொடுத்து
இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாம்.
ஆனால் ரிவர்ஸ் எடுத்தேன்,
சுண்ணாம்பு அடித்த அவன் வீட்டுச் சுவருக்கு.

சுவரில் பாதி சிவந்தது.
திரை விலகியது. நாய் எழுந்து, யோசித்து, படுத்தது.
ரப்பர் செருப்போடு வந்து நின்றான்.
கண்ணாடியில் பார்த்தேன்:
இடது கையைத் தூக்கி
விரல்களை மடக்கிக் காட்டினான்.
இறங்கி, இடது பக்க ஒயரை அழுத்திவிட்டு,
அவன் முகத்தைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தேன்.
விரல்கள் விரிந்தன.

இண்டிகேட்டர் போட்டேன்.
மஞ்சளில் அவன் வந்தான், போனான்,
வந்தான், போனான். மீசை நரைத்திருக்கிறது.

"பிரேக்கு?"
ஏழு மாதத்தில் முதல் சொல்.
மிதித்தேன்.
"தெரியுது."

"உள்ளே ஒரே புழுதி" என்றேன்,
கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக.
கேட்டதா தெரியவில்லை.

"ரிவர்ஸ் லைட் எங்க?"
"வாங்கல."
"என் லாரியோடது ஒண்ணு கிடக்கு."

எடுக்க உள்ளே போனான்.
இன்னும் மிதித்தபடியே இருந்தேன்.
ஆளில்லாத சுவர்
சிவப்பாக இருந்தது.