நாலாம் திருப்பத்துச் சுவர்

நீள்வட்டம் என்று நுழைவுச் சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள்.
பொய். இது முட்டை.
ஒரு முனை அகலம், மறு முனை இறுக்கம்.
டார்லிங்டனில் பாதை போட்ட காலத்தில்
மேற்கு ஓரத்தில் ஒருவர் குளம் வைத்திருந்தாராம்,
தூண்டிலில் கோக்கிற பொடிமீன் வளர்க்க.
தரமாட்டேன் என்றாராம்.
தார் வளைந்து கொடுத்தது.
விரலளவு மீனுக்காக
இன்றும் இரும்பு நசுங்குகிறது.
இந்த முட்டையில் முட்டாமல் போனவர் இல்லை.

நான் நிற்பது கோபுரத்துக் கூரை.
கண்ணில் தொலைநோக்கி, காதில் ரேடியோ,
காலடியில் அவித்த வேர்க்கடலை, ஈரப் பொட்டலம்.
வரிசையாய் முப்பத்தாறு பேர் நிற்கிறோம்
ஆளுக்கு ஒரு காரைப் பார்த்துக்கொண்டு.

கேஸன் டிரிகர்ஸால் தலையைத் திருப்ப முடியாது.
கழுத்தைப் பட்டையால் கட்டி
ஐம்பத்தைந்து டிகிரி கொதிக்கும் கூண்டில்
இறுக்கி உட்கார்த்தியிருக்கிறார்கள்.
அவனுடைய வலப்பக்கம் என்பது
என் குரல்தான்.

"வெளியே இருக்கான்.
இன்னும் இருக்கான்.
பின்சக்கரத்துல இருக்கான்.
விட்டுட்டான், ஏறு."

மூன்று மணி நேரமாய் இதே நாலு வரி.
கல்யாணம் கட்டியவளிடம்கூட
இத்தனை கவனமாய் நான் பேசியதில்லை.

மணல் கலந்த தார் இது. டயரைத் தேங்காய்போல் துருவும்.
இருபது சுற்றில் பிடி போய்விடும்,
அப்புறம் ஓட்டுவதெல்லாம் வழுக்குவதைத் தள்ளிப்போடுவது.
வேகமான தடம் சுவரை ஒட்டியே இருக்கிறது,
ஒரு தினசரித்தாள் நுழையும் இடைவெளியில்.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
இந்தச் சுவருக்குப் பல்.

முந்நூற்று நாற்பத்தொன்றாவது சுற்று.
ஐந்தாம் இடத்தில் நாங்கள்.
முன்னால் ப்ரூவர் டில்லின் பச்சைக் கார்
வால் ஆட ஆரம்பித்திருந்தது.
கேஸன் மூன்றாம் திருப்பத்தில் கீழே பாய்ந்தான்.
வெளியே இருக்கான், என்றேன்.
இன்னும் இருக்கான், என்றேன்.
சூரியன் சரியாக அந்தக் குளத்தின் மேல் இறங்கி
என் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது.
பச்சை கறுப்பாகி, கறுப்பு ஒன்றுமில்லாமல் ஆக

விட்டுட்டான், என்றேன்.

விடவில்லை.
ஒரு முழம் மிச்சமிருந்தது.
சூரியன் மேல் பழி போடலாம்,
போட்டும் பார்த்தேன்.
ஆனால் அந்தச் சொல்லை முதலில் சொன்னது
கண் இல்லை, ஆசை.

பச்சை மூக்கு எங்கள் பின்புறத்தைத் தொட்டது,
கதவைத் தட்டுவதுபோல், அவ்வளவுதான்.
கேஸன் பக்கவாட்டில் ஏறினான்.
கூரையில் எனக்கு முதலில் புகை, பிறகுதான் சத்தம்.
கதவிலிருந்து வால்வரை
எழுபத்துமூன்று என்ற எண்ணின் பாதியைச் சுவர் தின்றது.

ரேடியோவில் யாரும் பேசவில்லை.
குழித்தலைவர் வெர்னான் கேஸ்கின்ஸ்கூட,
டயர் ஆணி ஒன்று கீழே விழுந்தாலே
என் தாயை இழுத்துப் பேசுகிற மனிதர்.
பக்கத்து ஆள் என்னைப் பார்க்காமல்
தொலைநோக்கியைத் துடைத்தான்.
நான் மைக்கை அழுத்தினேன்.
விட்டேன்.
மறுபடி அழுத்தினேன்.

அதற்குள் அவன் குரல், இருமலோடு:
"வண்டி நேராப் போகுது.
வலப்பக்கம் யாரு?"

ஒரு நொடி எனக்கு வாய் வரவில்லை.
அவன் காத்திருந்தான்,
மணிக்கு இருநூற்றறுபது கிலோமீட்டரில்.

"யாருமில்ல," என்றேன். பிறகு,
"சுவர் மட்டும்."

பதினான்காவதாக முடித்தோம்.

இரவு பதினொன்றரை. விளக்குகள் பாதி அணைந்தாயிற்று.
நாலாம் திருப்பத்துக்கு நடந்து போனேன்.
வெள்ளைச் சுவரில் கறுப்பு, சிவப்பு, பச்சை,
இன்றைக்கு முட்டினவர்களின் வண்ணமெல்லாம்
ஒன்றின் மேல் ஒன்றாய்.
எங்கள் மஞ்சள் தோள் உயரத்தில் இருந்தது.
தடவினேன். இன்னும் சூடு.
நகத்தால் கீறி எடுத்ததை
என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

லாரியின் படியில் கேஸன்,
வெறுங்காலைப் பனிக்கட்டி வாளியில் விட்டபடி.
அருகே உட்கார்ந்தேன், அவனுக்கு வலப்பக்கம்.
சொல்ல நினைத்ததைத் தொடங்குமுன்
கையை நீட்டினான்.

"கடலை மிச்சம் இருக்கா?"