எண்ணில் உட்கார்ந்த ஈ

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறை.
கீழே வெள்ளிப் பட்டறை,
மேலே நானும் ஒரு கணினியும்.
தகடு வெட்டும் லேசருக்குப் படம் அனுப்புகிற வேலை.
கொலுசு என்றால் உங்களுக்குச் சத்தம்.
எனக்குக் கோடு.
கோட்டுக்கு ஒரு தடிமன், தடிமனுக்கு ஓர் எண்.

நூற்று நாற்பது ஜோடி, ஏற்காட்டு ஆர்டர்.
மிளகுக் கொடி வேண்டுமாம்,
காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக்கைப் பிடித்து ஏறுமே, அது.
இலை நரம்பு வரைக்கும் வரைந்து அனுப்பியிருந்தார்கள்.
கோப்பைத் திறந்தால் ஒரே குப்பை.
ஒவ்வொரு கோட்டின் நெற்றியிலும் தனித்தனியாகத் தடிமன்.
அத்தனையையும் அள்ளி
ஸ்டைல் என்ற பெட்டிக்குள் போட்டேன்.
5e-2.
இருந்தது இருந்தபடி.
ஈயடிச்சான் காப்பி.

காலையில் தனக்கோடி படியேறி வந்து
விசைப்பலகை மேலேயே தகட்டை வைத்தார்.
'கொடி கேட்டா மலைப்பாம்பு குடுத்திருக்கற.'
நரம்பெல்லாம் வாய்க்கால்.
வெட்ட வேண்டிய இடத்தை உழுது வைத்திருந்தது கதிர்.
முப்பத்தெட்டு கிராம்.
'வெள்ளி உருகித் திரும்பி வந்துரும்,
ராத்திரி ஓடின கரண்டு வருமா?'

திரையில் பார்த்தால் கொடி கொடியாகத்தான் இருக்கிறது.
திரை புதுசு,
எண்ணை எப்படி எழுதினாலும் படித்துக்கொள்ளும்.
கீழே இருக்கிற மிஷினுக்குப் பழைய சட்டம்:
நெற்றியில் எழுதினால் செல்லும் அதே எண்
பெட்டிக்குள் போனால் செல்லாது.
அங்கே சுருக்கம் ஆகாது.
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், ஐந்து என்று
முழு உடுப்பில் வரவேண்டும்.

மூன்று மணி நேரம்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது,
ஐந்துக்கும் இரண்டுக்கும் நடுவே
ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த ஈ.

ஒரு சிவப்பு எழுத்தாவது காட்டியிருக்கலாம்.
பிழை, என்று ஒரு சொல்.
காட்டாது.
புரியாததைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுத்
தன்னிடம் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளும்: ஒன்று.
யாரும் எழுதாத ஒன்று.
நான் கேட்டதைப்போல் இருபது மடங்கு.

போன மாதம் ஐந்து ரோட்டு வங்கியில் ஒரு படிவம்.
தொழில் என்ற கட்டத்தில்
'வெள்ளித் தகட்டுக்கு வெக்டர் கோடு வரைபவர்' என்று
நெருக்கி நெருக்கி எழுதிக் கொடுத்தேன்.
அச்சாகி வந்தது: இல்லத்தரசி.
கவுண்ட்டர் பையன் நல்லவன்தான்.
'லிஸ்ட்ல இல்லன்னா
அதுவா அப்படி வந்துரும்க்கா.'
அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன்.

அதுவா.

நானூற்றுப் பன்னிரண்டு இடம்.
மொத்தமாக மாற்றப் போய்
எல்லா ஈயையும் ஒரே அடியில் அடித்ததில்
பச்சை நிறத்தின் பெயரும் செத்துப்போனது,
அதற்குள்ளும் இரண்டு இருந்திருக்கின்றன.
திருப்பி எடுத்து,
எண்ணில் உட்கார்ந்ததை மட்டும்
ஒவ்வொன்றாக.

இரண்டாவது தகட்டைத் தனக்கோடி
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
சேர்வராயன் மலையில் பாதி மேகத்தில் இருந்தது.
மீதி வெளிச்சம் இலை நரம்புக்குள் நுழைந்து
அவர் கன்னத்தில் விழுந்தது,
மயிரிழை மயிரிழையாக.
ஒரு மிளகு மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.
'அரம் போட்டுக்கலாம்' என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மணி மூன்றே முக்கால்.
இதைச் சொல்லப் புள்ளியும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம்,
யாருக்கும் விளங்கும்.
வங்கி நாலுக்குச் சாத்திவிடுவார்கள்.
பேனாவை எடுத்துக்கொண்டு
இறங்கினேன்.