கடைசியாகக் கேட்டது

துறைமுகத்தில் பெட்டி எடுக்கும் லாரிக்காரர்களுக்கான செயலி.
கண்டெய்னர் எண்ணைத் தட்டினால்
எந்த வாசல், எத்தனை மணி என்று சொல்ல வேண்டும்.
சொல்லாமல்
ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது
நேற்று ராத்திரி பத்தே முக்காலிலிருந்து.

சாட்ஸ்வொர்த்தில் மின்வெட்டு முடிந்து
தெருவெல்லாம் ஃப்ரிட்ஜுகள் ஒரே மூச்சில் முனகத் தொடங்கின.
ரவுட்டரின் பச்சைக் கண்ணும் திறந்தது.
வட்டம் மட்டும் நிற்கவில்லை.

நான் எழுதிய கணக்கு அப்படி.
ஒரு கேள்வி வெளியே போனால் ஒன்று கூட்டு,
பதில் திரும்பினால் ஒன்று கழி,
பூஜ்யம் வந்தால் வட்டத்தை நிறுத்து.
இருட்டில் செத்த கேள்விக்கு
கழிக்க ஆள் வரவில்லை.
ஒன்று ஒன்றாகவே நிற்கிறது,
ஊரைவிட்டுப் போனவனின் கடைக்கடன் மாதிரி.

அதற்கு முன்னால் பட்ட பாடு வேறு.
கிரிசேன் என்றொருவர்
ஓர் எண்ணைத் தட்டி, தப்பென்று அழித்து,
இன்னொன்றைத் தட்டியிருக்கிறார்.
இரண்டாவதன் பதில் முதலில் வந்தது.
முதலாவதன் பதில் ஆடி அசைந்து வந்து
அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.
விடிகாலை மூன்று மணிக்கு
பேஹெட் சாலையில் யாருடைய வாசலிலோ நின்றுகொண்டு
எனக்குக் குரல்பதிவு அனுப்பினார்.
முழுக்க ஆங்கிலம்தான்.
கடைசியில் மட்டும் ஓர் ‘ஐயோ’.
அது தமிழ்.

அன்றிலிருந்து ஒட்டுமேல் ஒட்டு.
‘ஏற்றுகிறது’ என்று ஒரு கொடி,
‘மறுபடி ஏற்றுகிறது’ என்று ஒரு கொடி,
‘பிழை’, ‘பழைய பிழை’,
கேள்விக்குக் கேள்வி ஓர் எண்,
எண்களுக்கு ஒரு பட்டியல்,
பட்டியலைத் துடைக்க ஒரு கடிகாரம்.
இரண்டு கொடிகள் ஒரே நேரத்தில் ஏறி நின்று
முடிந்தது என்றும் முடியவில்லை என்றும்
என் முகத்துக்கு நேரே சொல்லின.

மதியம் பன்னி வாங்கப் போனேன்.
சிரிக்காதீர்கள், பன்றி இல்லை.
கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவதற்கு
டர்பனில் அப்படிப் பெயர்.

கல்லாவில் யுகேந்திரி.
சீட்டு எண்ணைக் கூவ அவளுக்குப் பொறுமை கிடையாது.
பொட்டலம் உள்ளிருந்து வந்ததும் நிமிர்கிறாள்:
இதைக் கேட்ட ஆள் நிற்கிறதா?
நின்றால் நீட்டுகிறாள்.
இல்லையா, பின்னால் பலகையில் வைத்துவிட்டு
அடுத்ததற்குத் திரும்புகிறாள்.
போனவர்களைப் பற்றி அவளிடம் ஒரு கணக்கும் இல்லை.

அங்கேயே நின்று தின்றேன்.
ரொட்டியின் அடி ஊறி முழங்கைவரை வழிந்தது.

சாயங்காலம் அழிக்க உட்கார்ந்தேன்.
நூற்றுப் பதினெட்டு வரிகள்.
அழிக்கையில் ஒவ்வொன்றும் எந்த ராத்திரியில் எழுதியது என்று
ஞாபகம் வந்தது, அதனால் நேரமாயிற்று.
மிஞ்சியது இவ்வளவு:

கடைசியாகக் கேட்டதை மட்டும் கையில் வை.
எந்தப் பதில் வந்தாலும் விசாரி,
என் கையிலிருக்கும் கேள்விக்கா நீ வந்தாய்?
ஆமென்றால் திரைக்குப் போ.
இல்லையென்றால் உன் எண்ணுக்குரிய அறையில் இரு,
யாராவது திரும்பி வந்து கேட்பார்கள்.
எட்டு விநாடி வராதிருந்தால்
வராததே பதில்.
கை காலியா? வட்டம் வேண்டாம்.

சோதிக்க, ரவுட்டரின் வயரை நானே பிடுங்கினேன்.
ஏழு. எட்டு.
நின்றது.

கிரிசேனுக்கு உடனே எழுதினேன்,
சரியாகிவிட்டது, பாருங்கள் என்று.
இப்போதெல்லாம் வாசல் காவலாளியின் நம்பர் இருக்கிறதாம்,
நேரே அவனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறாராம்.
கட்டைவிரல் படம் ஒன்று போட்டிருந்தார்.

இருக்கட்டும்.
பலகையில் வைத்திருக்கிறேன்.