தகட்டின் மறுபக்கம்

பெட்டி வந்தபோது லாரிக்காரர் கேட்டார்,
"ஃப்ரிட்ஜா?"
நாகவேணி சொன்னாள், "வால்."
அவர் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இறக்கை பின்னால் வந்தது.
இடது மட்டும்.
வலதுக்கு இன்னும் சீட்டு எடுக்கவில்லை.

ஓசூரில் பதினொரு வருஷம்
கம்பெனிக்கு அளவு பார்த்தவள் அவள்.
மைக்ரோமீட்டர் பழகிய விரலால்
என் மண்டிச் சிட்டையைத் தடவி
"தாள் மெலிசு" என்பாள்.
நான் இராயக்கோட்டைத் தராசுக்காரன்.
எனக்குத் தெரிந்து பறந்தது
விலை ஒன்றுதான்,
அதுவும் இரண்டு வாரம்.

டி.வி. சமையலறைக்குக் குடிபோனது.
பையன் லோகித் இறக்கைக்கு அடியில் படுத்து
துளைகளை எண்ணிக்கொண்டே தூங்கிப்போகிறான்.
ஒருநாள் என் களி உருண்டைக்குள்
அலுமினியச் சுருள் ஒன்று மினுங்கியது.
எடுத்து ஓரமாய் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

எதிர்வீட்டுத் திம்மராயன்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான்:
"பெங்களூருக்கு எத்தனை கூடை ஏத்தலாம்?"
ரெண்டு ஆள்தான்.
"டிரைவர் போகவா?"
டிரைவரையும் சேர்த்து.
ஆளில்லாமல் முந்நூறு கிலோ என்றதும்
வாய்க்குள் வகுத்துப் பார்த்தான்.
"அட, இருபது கூடை!"
இருபது கூடை எடை
தரையை விட்டுக் கிளம்பும் என்பதில்
அவனுக்கு வியப்பு எதுவும் இல்லை.
வாசலில் இது நுழையாதே என்றான்.
அதை நாங்கள் அளந்திருக்கவில்லை.

என் வேலை இரும்பைப் பிடிப்பது.
தகட்டின் அந்தப் பக்கம் அவள், கையில் ரிவெட் கன்.
இந்தப் பக்கம் நான்,
கையில் ஒரு கிலோ இரும்புக் கட்டை.
நடுவில் மிளகளவு ரிவெட்.
அவள் அடிக்கிற அடியெல்லாம்
என் கட்டையில் முட்டித் திரும்ப
ரிவெட்டின் வால் நசுங்கி
இன்னொரு தலையாகும்.

முகம் தெரியாது.
கம்ப்ரஸர் இரைச்சலில் பேச்சும் கேட்காது.
ஒரு தட்டு: நல்லது, அடுத்தது.
இரண்டு: இன்னும் கொஞ்சம் அடி.
மூன்று: கெட்டுவிட்டது.
பதினாறு வருஷக் குடித்தனத்தில்
இத்தனை தெளிவாக நாங்கள்
எதையும் பேசிக்கொண்டதில்லை.

கூடை அறுபதுக்கு இறங்கிய அன்று
ஏரிக்கரையில் மூன்று டிராக்டர் தக்காளியைக்
கொட்டிவிட்டுப் போனார்கள்.
அத்தனைக்கும் முன்பணம் கொடுத்தவன் நான்.
வீட்டுக்கு வந்தேன், கை கழுவினேன்,
கட்டையை எடுத்தேன்.
நாலாம் வரிசை.

பதினேழாவது ரிவெட் சாய்ந்தது.
ஒரு தட்டுத் தட்டினேன்.
பதினெட்டும் சாய்ந்தது.
ஒரு தட்டு.
பத்தொன்பதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை,
ஒரு தட்டு.

கம்ப்ரஸர் நின்றது.
தெருவில் யாரோ பைக்கை உதைக்கிற சத்தம்.
அவள் சுற்றி வரவில்லை.
அங்கிருந்தே தட்டினாள்,
நிதானமாக, மூன்று.

பிறகு தகட்டுக்குள்ளிருந்து குரல்:
"எவ்வளவு?"
"ரெண்டு லட்சத்துச் சொச்சம்"
என்றேன் தகட்டிடம்.

அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று
நின்றுகொண்டே இருந்தேன்.
டிரில்லை எடு என்றாள்.

மூன்றையும் துளைத்து எடுத்தோம்.
பக்கத்துத் துளை கிழியாமல்
எடுப்பதுதான் கஷ்டம்.
அவள் பதிவு நோட்டில் எழுதினாள்:
இடது இறக்கை, நாலாம் வரிசை,
17, 18, 19 மாற்றப்பட்டன.
காரணம் என்கிற கட்டத்தில்
பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி:
பிடித்தவர் கை.

வலது இறக்கை பற்றி
யாரும் பேச்செடுக்கவில்லை.
கம்ப்ரஸர் மறுபடி காற்றேற்றத் தொடங்கியது.
புது ரிவெட். பதினேழு.
அவள் அடித்தாள்.
குனிந்து பார்த்தேன்,
நேராகத்தான் இருந்தது, முழுசாக உட்காரவில்லை.

இரண்டு தட்டு.