ஆறு முகடு

காரைக்குடியில் மலை இல்லை.
குன்றக்குடியைச் சொல்வார்கள்,
மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும்.
இங்கே உட்கார்ந்துதான்
மாசியின் பாட்டை மொழிபெயர்க்கிறேன்.
கீழே எவர்சில்வர் கடை,
காதில் ஹெட்போன்,
ஃபேன் காற்றில் தாள் பறக்காமலிருக்க
உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்று.

செத்தவரை வழியனுப்பும் பாட்டு.
முகடு முகடாகப் பேர் சொல்லி
ஏற்றி இறக்கிக் கொண்டுபோய் விடுவது.
கரடி முதுகு தேய்த்த மரம் நிற்கும் முகடு.
தேன் சொட்டி ஈரம் காயாத முகடு.
ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்து
அழுதுகொள்ள விட்டிருக்கும் முகடு.

வரிக்கு வரி நடுவே 'ஹம்' என்று ஒரு சொல்.
இரண்டு வாரம் அதற்கு வேர் தேடினேன்.
"அது சொல்லு இல்ல சார்,
தூக்கறவன் மூச்சு" என்றாள்.

அவர்கள் பேச்சில் இடம் வலம் கிடையாது.
மேட்டுக் கை, பள்ளத்துக் கை.
திரும்பி நடந்தால்
கைகள் பேர் மாற்றிக்கொள்ளும்.
"வலது கையால் பிடித்துக்கொள்" என்று எழுதி
அடித்தேன்.
"மேட்டுக் கையால்" என்று எழுதிவிட்டு
என் கைகளைப் பார்த்தேன்.
சமதரையில் எது எது?

ஒருநாள் கானாடுகாத்தானில்
ஒரு வீட்டு வாசலில் நின்றபோது
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப்
பின்தெருவில் போகும் ஆடு தெரிந்தது.
முகட்டைக் கட்டு என்று போட்டால் என்ன?
படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்.
புரியும்தான்.
செத்தவர் ஒரு நிமிஷத்தில்
பின்வாசலில் போய் நிற்பார்,
அழ இடமில்லாமல்.
முகடு என்றே விட்டேன்.

அச்சகத்துச் சாத்தப்பன்
வட்டிக் கணக்குப் பார்க்கிற கண்ணால்
மெய்ப்புப் பார்க்கிறவர்.
"மொத அடியில ஏழு முகடுங்கிறீக.
எண்ணிப் பார்த்தா ஆறுதான் வருது."

திரும்ப ஓட்டிக் கேட்டேன். ஆறு.
மாசி தேயிலைக் காட்டில்.
சிக்னல் கிடைக்கும் பாறைக்கு மத்தியானம்தான் வருவாள்.

"ஏழாவதா? அன்னைக்கு யாரு செத்தா?"
யாருமில்லை.
"உங்க மிசினு முன்னால பாடினேன்.
ஏழும் பாடினா போறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல.
தொறந்த வழி சும்மா மூடுமா?"
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"நீங்களும் அப்படியே ஓட்டையா எழுதுங்க.
உங்க ஊர்ல வாய்விட்டுப் படிக்கறவங்க இருப்பாங்க."
பேரை மட்டும் எனக்குச் சொல்லு, என்றேன்,
எழுத மாட்டேன்.
லைன் அறுந்தது.
அறுந்ததா, அறுத்தாளா, தெரியாது.

ஆறாவதற்குக் கீழே
ஒரு வரி இடம் விடச் சொன்னேன்.
கம்ப்யூட்டர் அதைத் தானே மூடிக்கொண்டது.
இரண்டு முறை.
மூன்றாம் முறை நின்றது.
சாத்தப்பன் ஓரத்தில்
சிவப்பு மையில் எழுதியிருந்தார்: பிழை?
அதன் கீழே எழுதினேன்:
பிழைக்கட்டும்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
முதல் முகட்டிலிருந்து வாய்விட்டுப் படித்தார்,
விரல் மடக்கி எண்ணிக்கொண்டே.
வெற்று வரி வந்ததும் நிறுத்தினார்.
எழுந்து போய்,
டயாலிசிஸ் முடிந்து உள்ளறையில் படுத்திருந்த அண்ணனை
எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.
மடக்கிய விரல்கள் இன்னும் நிமிரவில்லை.
"காபி சாப்பிடுறீகளா?" என்றார்.