சொட்டு நின்ற வாரம்

ஐப்பசி பாதி தாண்டிவிட்டது.
சோஹாரில் அதற்கு அடையாளம் மழை இல்லை.
சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏ.சி. குழாய்
சொட்டுவதை நிறுத்துவதுதான்.

ஏப்ரலிலிருந்து அதன் கீழே ஒரு நீல வாளி.
இரவுக்கு முக்கால் வாளி.
ஆகஸ்டில், கடலின் புழுக்கம் சன்னலில் வழியும் நாட்களில்,
நாலு மணிக்கே நிரம்பித் தரையில் ஓடும்.
நாங்கள் தூங்கித் தூங்கிச் சேர்த்த தண்ணீர் அது.
அதைக் குடித்துத்தான் கறிவேப்பிலை கோடையைத் தாண்டியது,
இரண்டு கத்தரிச் செடியும்,
இதுவரை ஒரு பூ வைக்காத நந்தியாவட்டையும்.

இன்று வாளியின் அடியில்
வட்டமாய் ஒரு தூசிக்கோடு,
அதன்மேல் நடந்து முடியாத ஓர் எறும்பு.

பாடப்புத்தகத்தில் படித்த கூதிரை
இங்கே தேடி வந்தால் ஏமாற்றம்தான்.
வேம்பு இலையை வைத்துக்கொண்டு
தூசியை மட்டும் உதிர்க்கிறது.
ஆடிப்பட்டம் தேடி விதை என்பதும் செல்லாது,
ஆடியில் விதைத்தால் வறுத்துத் தந்துவிடும் இந்த மண்.
இப்போதுதான், இந்த வாரம்தான்,
கையை உள்ளே விட்டால் மண் சுடவில்லை.

பக்கத்து வீட்டு ஸுலைக்கா
மதிலுக்கு மேலே ஒரு சாக்கு ஆட்டெருவை நீட்டினாள்.
பதிலுக்குக் கொடுத்த விதையை மோந்து பார்த்து
"ஹுல்பா" என்றாள்.
"வெந்தயம்" என்றேன்.
இருவரும் தலையாட்டினோம்.
யாரும் திருத்திக்கொள்ளவில்லை.

நவம்பர் ஒன்பது. வெந்தயம் தலை காட்டியது,
விதைத்தோலைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு.
பதின்மூன்று. தக்காளி நாற்று பதினேழு.
இரண்டு முறை எண்ணினேன்.
பதினான்கு. பதினொன்று.
எலியைச் சந்தேகித்தேன், நத்தையை, ஸுலைக்காவின் பூனையை.
பதினைந்து, விடியலில் பிடிபட்டது:
கொண்டைக்குருவி, ஜோடியாக,
குருத்தைக் கிள்ளி மதில்மேல் வைத்துச் சாவகாசமாய்த் தின்றன.
பழைய கொசுவலையைக் கிழித்துப் போர்த்தினேன்.
வலைக்குள்ளே பதினொரு நாற்றும்
காய்ச்சல் பிள்ளைகள்போல் படுத்திருக்கின்றன.

வாலாட்டியும் வந்துவிட்டது.
போன வருடம் வந்த அதே பறவைதானா,
கேட்க வழியில்லை.
அதுவும் ஈரக்கல்லில் நின்று என்னைப் பார்க்கிறது,
போன வருடம் இருந்த அதே பெண்தானா என்று.

எழிற்கோ மர்மூலில், எண்ணெய் வயலில்.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வீடு.
"தக்காளி காய்க்கும்போது அங்கே இருப்போமா?" என்றார் போனில்.
தக்காளிக்கு இன்னும் எண்பது நாள்.
கம்பெனிக் கடிதத்துக்கு நாற்பத்தொன்று.
கழித்துப் பார்த்தேன்.
பிறகு கொடி கட்டக் கம்பு தேடப் போனேன்.

முற்றத்துக் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர்.
கடல் உள்ளே புகுந்துவிட்ட கிணறு.
கத்தரி முகம் சுளிக்காமல் குடிக்கிறது.
கறிவேப்பிலைக்கு ஆகவில்லை,
ஒவ்வோர் இலையும் நுனியிலிருந்து கருகுகிறது,
யாரோ வரிசையாகத் தீக்குச்சி காட்டியதுபோல்.

நேற்றிரவு இருபது டிகிரி.
சன்னலைச் சாத்தி, கம்பளியை மூக்குவரை இழுத்து,
ஏ.சி.யைப் பதினாறில் வைத்தேன்.
"பைத்தியமா உனக்கு?" என்றார் எழிற்கோ.
பல் கிட்டிக்கொண்டதால் பதில் சொல்லவில்லை.
வெகுநேரம் எதுவுமில்லை.
மூன்று மணி இருக்கும்,
வெறும் வாளியில் முதல் சொட்டு விழுந்தது,
வீட்டுக்குள் யாரோ நாக்கைத் தட்டியதுபோல்.
அடுத்ததற்குக் காத்திருந்தேன்.
தூங்கிவிட்டேன்.

காலையில் ஒரு தம்ளர் இருந்தது.
முக்காலைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.
மீதியை நந்தியாவட்டைக்கு.
பூக்காவிட்டால் என்ன.