ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

புந்தா அரேனாஸில் காற்று மரத்தை நிமிர விடாது,
ஒரு பக்கமாகப் படுக்க வைத்துவிடும்.
நேற்றிரவு மின்கம்பத்தையும் அப்படித்தான்.

கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் பின்னறையில்,
சைப்ரஸ் கத்தரிக்கும் கத்திரிகளுக்கும்
சுண்ணாம்பு வாளிக்கும் நடுவே நிற்கிறது சர்வர்.
யார் எங்கே கிடக்கிறார்கள் என்று
இந்த ஊரில் அதற்கு மட்டும்தான் தெரியும்.
இப்போது அது எழ மறுக்கிறது.
பத்து மணிக்கு ஓர் அடக்கம்.

எலெயுத்தேரியோ பார்ரியா மாத்தே குவளையை நீட்டுகிறார்.
"ஒரேயொரு எண், தானிட்சா. மாடத்து எண்.
சொன்னால் நான் சிமெண்ட் குழைக்கப் போய்விடுவேன்."

திரையில் ஒற்றை வரி:
'ஏற்கெனவே ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. எண் 812.'

ஓடவில்லை. மின்சாரம் போன நொடியில் செத்தது அது.
சாகிறவர் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையைக்
கழற்றி வைத்துவிட்டா போகிறார்?
ஒரு சின்னக் கோப்பு, அதற்குள் 812,
உள்ளே ஆள் இருப்பதாகச் சாதிக்கிறது.
812 யார் என்று தேடினேன். இருந்தது.
வயிற்றில் கல் விழுந்த மாதிரி.
பிறகுதான் பெயரைப் படித்தேன்: பிரிண்டர்.
மறுபடி மின்சாரம் வந்ததும்
காலியான எண்ணைப் பிரிண்டருக்குக்
கொடுத்துவிட்டிருக்கிறது இயந்திரம்.
அதற்குத் துக்கம் கிடையாது.

அந்தக் கோப்பை அழிக்கலாம்; கை உடனே போகாது.
உள்ளே நிஜமாகவே ஒருவர் இருந்து
நாம் இன்னொருவரை எழுப்பிவிட்டால்
இரண்டு பேர் ஒரே ஏட்டில் எழுதுவார்கள்,
விடிவதற்குள் செத்தவர்கள் அத்தனை பேரும் முகவரி இழப்பார்கள்.
மூன்று முறை பார்த்தேன். நான்காவது முறை
பார்ப்பதாகப் பாவனை செய்தேன்.
அழித்தேன்.

எழுந்தது.
காற்றுக்கு முன் பாதியில் விட்டதை
ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டது,
மயக்கம் தெளிந்தவர் செருப்பைத் தேடுவதுபோல.
உடனே அடுத்த புகார்: இடம் இல்லை.
"இங்கே இந்தச் சொல் புதிதல்ல" என்றார் எலெயுத்தேரியோ.
டிஸ்க் நிரம்பியிருந்தது. மார்ச் முதல்
ஒரே வரி, பதினோரு கிகாபைட்.
தூக்கி எறிந்தாயிற்று என்று எல்லாரும் நினைத்த
வாசல் வருகைப்பதிவுப் பெட்டி
எங்கோ பரணில் செருகிக் கிடந்து,
பழைய கடவுச்சொல்லோடு
நொடிக்கு ஆறு முறை கதவைத் தட்டியிருக்கிறது.
ஒவ்வொரு மறுப்பையும்
ஒழுங்காக எழுதி வைத்ததில்தான் இடம் போயிற்று.
துடைத்தேன்.

எட்டே முக்கால். பதிந்தேன்: மாடம் 2214,
ஒர்த்தென்சியா மான்சீல்யா, வயது தொண்ணூற்றொன்று.
மறுத்தது. 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.'
நிக்கனோர் ஆகிலா.

"இல்லையே" என்றார் எலெயுத்தேரியோ.
"குத்தகை முடிந்து பொது எலும்பறைக்கு
நான்தானே தூக்கிப் போனேன்.
வெங்காய மூட்டை இன்னும் கனக்கும்."

சரி, அந்த வரியை நீக்குவோம். நீக்க விடவில்லை.
'பூக்கள் பட்டியலில் இவரைச் சுட்டும் வரிகள் உள்ளன.'
பதினாறு வரிகள். ஆண்டுக்கொன்று.
நவம்பர் முதல் தேதி, சிவப்புக் கார்னேஷன், ஒரு டஜன்,
பணம் கட்டியாயிற்று.

நான் திரும்பிப் பார்த்தேன்.
அவர் குவளைக்குள் பார்த்தார்.
"சீட்டு வரும், வைப்பேன்.
மாடத்தில் ஆள் இருக்கிறதா என்று
சீட்டில் கேட்டதில்லை."

சார்ந்தவற்றையும் சேர்த்து அழி என்றொரு கட்டளை உண்டு.
நொடியில் முடியும்.
அடித்தேன். எண்டரைத் தொடவில்லை.
எழுத்தெழுத்தாகப் பின்னோக்கி வந்தேன்.

ஒர்த்தென்சியாவுக்கு 2231.
தெற்கு பார்த்த மாடம், வெயில் எட்டாது,
காற்றும் அவ்வளவாக இல்லை.
எலெயுத்தேரியோ சிமெண்ட் குழைக்கப் போனார்,
பூச்சீட்டின் அடியிலிருந்த தொலைபேசி எண்ணைச்
சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு.

சம்பவ அறிக்கையில் ஒரு கட்டம்: காரணம்.
காற்று என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: முழுமையாகச் சரிசெய்யப்பட்டதா?
அதை அச்சடிக்க
812 காத்திருந்தது.